பழைய ஜப்பானிய வெண்கலப் பூந்தொட்டியை அடையாளம் காண்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பொருள் கடையில் ‘ஜப்பானிய வெண்கலப் பூந்தொட்டி’ என்று சொல்லி ஒரு பாத்திரத்தைக் கொடுத்தார்கள். முதலில் எங்கே பார்க்க வேண்டும்?

கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். அடுத்து உட்புறத்தைப் பாருங்கள். வெளிப்புறத்து டிராகனும் கொக்கும் செவ்வந்தியும் வாங்குபவரின் கண்ணைக் கவர்வதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றை எந்தக் காலத்திலும் எவரும் நகலெடுக்க முடியும். அடிப்பாகத்தையும் உட்புறத்தையும் அழகுபடுத்த யாரும் அவ்வளவாக முனைவதில்லை. ஆகவே பாத்திரம் எப்படி வார்க்கப்பட்டது, எதற்குப் பயன்பட்டது, எங்கே பழுது பார்க்கப்பட்டது என்ற செய்திகள் அங்கேதான் மறையாமல் தங்கியிருக்கும்.

பகல் வெளிச்சத்தில், ஒரு சிறிய டார்ச் விளக்கையும் பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு பாருங்கள். அதற்கு முன் பாத்திரத்தைக் கழுவ வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். உள்ளே ஒட்டியிருக்கும் மண், சாம்பல், உப்புக் கறை ஆகிய அனைத்தும் சான்றுகளே. ஒருமுறை கழுவிவிட்டால் அவை திரும்பக் கிடைக்கமாட்டா.

பூந்தொட்டி என்று விற்கப்படுபவை எல்லாம் உண்மையில் பூந்தொட்டிகள்தானா?

பெரும்பாலும் இல்லை. பழைய ஜப்பானில் செடி வளர்ப்பதற்கு மண் தொட்டிகளும் பீங்கான் தொட்டிகளுமே வழக்கம். போன்சாய் மரங்களும் பெரும்பாலும் சுட்ட மண் தொட்டிகளில்தான் வளர்க்கப்பட்டன. வெண்கலத்தில் வாய் அகன்ற ஒரு பாத்திரத்தைக் கண்டால், அது வேறொரு வேலைக்காகச் செய்யப்பட்டதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். என் கருத்தில், காலத்தையும் கைவினைஞரின் பெயரையும் தேடுவதற்கு முன்னால் விடை காண வேண்டிய கேள்வி இதுவே.

மிக அதிகமாகக் கிடைப்பது ஹிபாச்சி, அதாவது கணப்புச் சட்டி. குளிர்காலத்தில் உள்ளே சாம்பலைப் பரப்பி, அதன்மேல் கரித்தணலை வைத்துக் கை காய்வார்கள். சிலவற்றில் முக்காலி ஒன்றை நிறுத்திக் கெட்டிலில் நீர் காய்ச்சுவார்கள். ஹிபாச்சியின் அடியில் வடிகால் துளை இருக்காது. வாய் அகன்று, சுவர் தடித்து, பெரும்பாலும் மூன்று குட்டைக் கால்களுடனும் இருபக்கப் பிடிகளுடனும் இருக்கும். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், சாம்பல் நிரம்பியிருந்த மட்டம் வரை ஒரு நிறமும் அதற்கு மேல் இன்னொரு நிறமுமாக வளையம்போல் ஒரு கோடு பல சமயம் தெரியும். செம்புத் தகட்டாலான உட்கலம் ஒன்று உள்ளே பொருந்தியிருந்தால் ஐயத்திற்கு இடமே இல்லை. விருந்தினருக்காக இவற்றை ஜோடியாகச் செய்யும் வழக்கமும் உண்டு. ஆகவே தனியாகக் கிடைத்த ஒன்றுக்கு எங்கோ ஓர் இணை இருந்திருக்கலாம்.

அடுத்தது உசுபதா. மலர் அலங்காரத்திற்கான இந்தக் கலத்தின் மேற்பகுதி, தட்டையாக விரிந்த அகன்ற விளிம்புடன் ஒரு தாம்பாளம் போலத் தோன்றும். கீழே குறுகிய கழுத்தும் தனியாகக் கழற்றக்கூடிய அடிப்பீடமும் இருக்கும். பகுதிகள் பிரிந்துபோய், மேல்தட்டு மட்டும் ‘தொட்டி’ என்ற பெயரில் விற்பனைக்கு வருவதைக் காணலாம். ஆழமில்லாத நீள்வட்ட அல்லது செவ்வகத் தட்டு கிடைத்தால், அது மலர்களையோ இயற்கைக் கற்களையோ நீரில் அமைத்துக் காட்டும் சுய்பான் ஆக இருக்கக்கூடும். மூடி தொலைந்த தூபக்கலங்களும் தொட்டிகளாக மாறிவிடுவதுண்டு. விளிம்பின் உட்புறத்தில் மூடி அமர்வதற்கான படி ஒன்று இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

உண்மையான பூந்தொட்டிகளும் இருக்கின்றன. மெய்ஜி பேரரசரின் ஆட்சிக் காலத்தில் (1868–1912) ஐரோப்பிய, அமெரிக்க வரவேற்பறைகளை மனத்தில் வைத்து, உள்ளே மண் தொட்டியை இறக்கி வைப்பதற்கான பெரிய அலங்காரக் கலங்கள் ஏற்றுமதிக்கென்றே வார்க்கப்பட்டன. அவை உயரமானவை, புடைப்பு வேலை நிறைந்தவை. யானைத் தலை, டிராகன் போன்ற வடிவங்களில் பிடிகள் கொண்டவை. உள்ளே தணலின் தடயம் இருக்காது.

இது வெண்கலம்தானா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

ஓரளவு முடியும். காந்தம் ஒட்டினால் அது வார்ப்பிரும்பு. அத்தோடு கேள்வி முடிந்தது. ஒட்டாவிட்டால் அதை மட்டும் வைத்து வெண்கலம் என்று முடிவு கட்டக்கூடாது. பித்தளை, துத்தநாகக் கலவை, அலுமினியம், வெண்கலத் தூள் கலந்த பிசின் ஆகிய எதிலும் காந்தம் ஒட்டாது.

விரல் கணுவால் விளிம்பை மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல வெண்கலம் நீண்டு ஒலிக்கும். துத்தநாகக் கலவை மந்தமான ஓசையுடன் நின்றுவிடும். கீறலோ விரிசலோ இருந்தால் வெண்கலமும் மந்தமாகவே ஒலிக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அடி விளிம்பில் தரையில் உராய்ந்து தேய்ந்த இடத்தைக் கைக்கண்ணாடியால் பார்த்தால், வெண்கலம் செம்மஞ்சளாகவும், பித்தளை வெளிர் மஞ்சளாகவும், துத்தநாகம் சாம்பல் வெண்மையாகவும் தெரியும். புதிதாகக் கீறிப் பார்க்க வேண்டாம்.

இவற்றைவிட நம்பத்தக்கது எடை. 30 செ.மீ. விட்டமும் 25 செ.மீ. உயரமும் 3 மி.மீ. சுவரும் கொண்ட நேரான ஒரு பாத்திரம் வெண்கலத்தில் ஏறக்குறைய 8 கிலோ இருக்கும். அதே அளவு துத்தநாகத்தில் ஆறரைக் கிலோ, அலுமினியத்தில் இரண்டரைக் கிலோ அளவில்தான் வரும். சிறிய பாத்திரமென்றால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். கொக்கித் தராசில் கட்டிக் காற்றில் ஒருமுறையும், நீரில் முழுவதும் மூழ்கிய நிலையில் ஒருமுறையும் நிறுத்து, காற்றில் வந்த எடையை இரண்டு எடைகளின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். காற்றில் 4.35 கிலோவும் நீரில் 3.85 கிலோவும் வந்தால், வித்தியாசம் அரைக் கிலோ, விடை 8.7. அது வெண்கலத்திற்கு உரிய அடர்த்தி. துத்தநாகத்திற்கு 7.1 அளவில் வரும். நல்ல பித்தளையின் அடர்த்தியும் 8.4 முதல் 8.7 வரை இருப்பதால், அந்த இரண்டையும் இந்தக் கணக்கு பிரித்துக் காட்டாது. மாவுபோன்ற பச்சைக் களிம்பு பூத்திருக்கும் பாத்திரத்தை நீரில் மூழ்க வைக்கக்கூடாது.

வார்ப்பு முறையிலிருந்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

நிறையத் தெரிந்துகொள்ளலாம். நல்ல ஜப்பானியப் பாத்திரங்கள் பல, சுவாமிமலை ஸ்தபதிகள் கையாளும் முறையைப் போலவே மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றி மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி வார்க்கப்பட்டவை. பல துண்டுகளாகப் பிரியும் அச்சுகளில் வார்ப்பதும் பரவலாக இருந்தது. அந்த முறையில் அச்சுகள் சேருமிடத்தில் உண்டாகும் மெல்லிய கோட்டை அரத்தால் தேய்த்து மறைப்பார்கள். வெளியே மறைக்கப்பட்ட கோடு, பிடிகளின் அடியிலும் கால்களின் உட்பக்கத்திலும் மிஞ்சியிருப்பதைக் காணலாம்.

வார்ப்பு முடிந்தபின் உளியால் செய்த வேலைதான் தரத்தைக் காட்டுகிறது. டிராகனின் செதில்களில் ஒரு சாணளவு இடத்தை எடுத்துக்கொண்டு கைக்கண்ணாடியில் பாருங்கள். கையால் உளி பாய்ச்சிய செதில்களில் ஒவ்வொன்றின் ஓரமும் கூர்மையாக நிற்கும். ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடும். கீறல் தொடங்கும் இடத்தில் ஆழமாகவும் முடியும் இடத்தில் மெலிந்தும் இருக்கும். பழைய பாத்திரம் ஒன்றிலிருந்து அச்செடுத்து வார்த்த நகலில் இந்த ஓரங்கள் மழுங்கி, பள்ளங்கள் ஆழம் குறைந்து, சோப்பில் செதுக்கியது போன்ற வழவழப்புடன் இருக்கும்.

அடித்தட்டையும் பாருங்கள். ஜப்பானியக் கலங்கள் பலவற்றில் உடல் அடியில்லாமல் வார்க்கப்பட்டு, அடித்தட்டு தனியாகச் செய்து உள்ளே பொருத்தப்பட்டிருக்கும். கால் வளையத்தின் உட்புறத்தில் வட்டமாக ஒரு பொருத்துக் கோடு தெரியும். நீர் கசியும் பாத்திரங்களில் கசிவு பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான். ஆணிகளோ திருகாணிகளோ இருந்தால் அவற்றின் தலையையும் கவனிக்கவும்: கூட்டல் குறி வடிவப் பள்ளம் கொண்ட திருகாணி 1930-களில்தான் புழக்கத்திற்கு வந்தது, எனவே அது இருந்தால், பாத்திரமோ அதன் பழுதுபார்ப்போ அதற்குப் பிந்தியது.

ஜப்பானியதா, சீனத்ததா என்று எப்படிப் பிரித்தறிவது?

ஒரே ஓர் அடையாளத்தை மட்டும் நம்பிப் பிரிக்க இயலாது. ஜப்பானிய டிராகனுக்கு மூன்று நகங்கள், சீன டிராகனுக்கு நான்கு அல்லது ஐந்து என்பது பொதுவாகச் சரிதான். ஆனால் விதிவிலக்குகள் உண்டு. சிக்கலுக்குக் காரணம், ஜப்பானிய வார்ப்பாளர்கள் பழஞ்சீன வேள்விக் கலங்களின் வடிவங்களையும் அவற்றின் விழித்த முக அலங்காரத்தையும் மிகவும் விரும்பிக் கையாண்டிருப்பதே. குறிப்பாக, வார்ப்பிலேயே பள்ளங்கள் விட்டு அவற்றில் வண்ண எனாமலை நிரப்பிச் செய்த கலங்கள் மெய்ஜி காலத்தின் பிற்பகுதியிலும் அதையடுத்த தைஷோ காலத்திலும் ஜப்பானில் ஏராளமாகச் செய்யப்பட்டு ஏற்றுமதியாயின. பழஞ்சீனத் தோற்றம் கொண்டிருப்பதால் அவை இன்றும் சீனப் பொருளாகவே விற்கப்படுகின்றன. தனியாகப் பொருத்தப்பட்ட அடித்தட்டு, இயல்பான அசைவுடன் ஒரு பக்கமாக ஒதுங்கி அமைந்த பறவை, மீன், அலை உருவங்கள், மற்ற பகுதியை வெறுமையாக விட்டிருக்கும் துணிவு ஆகியவை ஒன்றுசேர்ந்து வந்தால் ஜப்பான் என்று சொல்லத் துணியலாம்.

அடியில் ஏதோ எழுத்துகள் இருக்கின்றன. ஜப்பானிய மொழி தெரியாதவர் அவற்றை எப்படிப் படிப்பது?

சில வடிவங்களைக் கண்ணால் அடையாளம் கண்டாலே பாதி வேலை முடிந்துவிடும். கைகளை விரித்துக் கால்களை அகட்டி நிற்கும் மனிதனைப் போன்ற எழுத்து முதலில் வந்து, அடுத்து நடுவில் ஒரு கோடு ஓடும் செவ்வகமும், அதற்கடுத்து அடிமரத்தில் சிறிய குறுக்குக் கோடு போட்ட மரம் போன்ற எழுத்தும் வந்தால், அது ‘தாய் நிப்பான்’, அதாவது மாபெரும் ஜப்பான். மெய்ஜி காலத்து ஏற்றுமதிப் பொருள்களில் அடிக்கடி காணப்படும் முத்திரை அது. அதன் கீழே ஊர், பட்டறை அல்லது கைவினைஞர் பெயர் தொடரும்.

முதல் எழுத்து அதேபோல இருந்தும், இரண்டாவது எழுத்தில் இடப்புறம் ஒரு சிறு கட்டமும் அதையொட்டிக் கால் நீண்ட இன்னொரு கட்டமும் இருந்தால், அது பெரும்பாலும் சீனாவின் மிங் வம்சத்தைக் குறிக்கும் ஆறெழுத்து முத்திரை. ஷுவாந்த பேரரசரின் ஆட்சிக் காலமான 1426–1435 ஐச் சுட்டும் அந்த முத்திரையைப் பிற்காலத்தில் சீனாவிலும் ஜப்பானிலும் மரியாதைக்காகவும் அலங்காரத்திற்காகவும் பொறித்தார்கள். அதைக் கண்டு 15-ஆம் நூற்றாண்டுப் பொருள் என்று எண்ணுவது தவறு.

மூன்றாவது வகை, சதுரக் கட்டத்துக்குள் வளைந்த பழைய எழுத்துகளில் இருக்கும் கைவினைஞர் முத்திரை. இதைப் பொறுத்தவரை எச்சரிக்கை தேவை. ஓஷிமா ஜோவுன் (1858–1940), யானைச் சிற்பங்களுக்கும் புலிச் சிற்பங்களுக்கும் பெயர் பெற்ற செய்யா முதலியோரின் பெயர்கள் விலையை உயர்த்தக்கூடியவை என்பதால், பிறர் செய்த பொருள்களிலும் அவை ஏறியிருக்கின்றன. உளியால் வெட்டிய கையெழுத்தில் கோடுகளின் ஓரம் கூர்மையாகவும், உள்ளே பாத்திரத்தின் மற்ற பகுதியைப் போலவே பழைய நிறம் படிந்தும் இருக்க வேண்டும். கோட்டின் அடியில் பளபளக்கும் உலோகம் தெரிந்தால் அது பின்னாளில் வெட்டப்பட்டது. முத்திரையே இல்லாத நல்ல பாத்திரங்களும் ஏராளம். எனவே முத்திரை இல்லாததை ஒரு குறையாகக் கொள்ள வேண்டாம்.

காலத்தை எப்படிக் கணிப்பது?

இத்தகைய பாத்திரங்களில் பெரும்பாலானவை மெய்ஜிக்கு முந்திய எடோ காலத்தின் கடைசிப் பகுதிக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இடைப்பட்டவை. மிகுதியானவை மெய்ஜி (1868–1912), தைஷோ (1912–1926) காலங்களைச் சேர்ந்தவை. அந்தக் காலத்தில் ஏன் இவ்வளவு செய்யப்பட்டன என்பதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. 1876-இல் பொது இடங்களில் வாள் அணிவது தடைசெய்யப்பட்டபோது, வாள் உறுப்புகளில் நுண்வேலை செய்து பிழைத்த உலோகக் கைவினைஞர்கள் ஆதரவை இழந்தார்கள். அதே ஆண்டுகளில் மெய்ஜி அரசு 1873 வியன்னா, 1876 பிலடெல்பியா, 1878 பாரிஸ் உலகக் கண்காட்சிகளில் கைவினைப் பொருள்களை முன்னிறுத்தியது. 1874-இல் தொடங்கப்பட்ட கிரித்சு கோஷோ கைஷா என்ற நிறுவனம் அவற்றை வெளிநாடுகளில் விற்றது. வாளுறைக்கும் கைப்பிடிக்கும் பயன்பட்ட நுட்பம் பூச்சாடிகளுக்கும் தொட்டிகளுக்கும் வந்து சேர்ந்தது. 1893 சிகாகோ கண்காட்சியில் சுசுகி சோகிச்சியின் பன்னிரண்டு பருந்துச் சிற்பங்கள் வைக்கப்பட்டபோது, அந்தக் கலை அதன் உச்சத்தில் இருந்தது.

ஊரைப் பற்றிக் கேட்டால், தோயாமா மாவட்டத்தின் தகாவோகாவைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1611-இல் அப்பகுதியின் தலைவர் மயெதா தோஷினாகா ஏழு வார்ப்பாளர்களை அழைத்துக் குடியமர்த்தியதில் தொடங்கி, முதலில் இரும்புச் சட்டிகளும் உழவுக் கருவிகளும், பின்னர் வெண்கலப் பூசைப் பொருள்களும் பூங்கலங்களும் அங்கே வார்க்கப்பட்டன. இன்றும் ஜப்பானின் செம்பு, வெண்கல வார்ப்பில் பெரும்பங்கு அந்த ஊருடையதே. எனவே புதிதாகத் தோன்றும் ஒரு பாத்திரம் பொய்யானது என்று பொருளல்ல. அது தகாவோகாவின் பிற்கால நேர்மையான வேலையாக இருக்கலாம்.

எழுத்து உதவி செய்யும் இடங்களும் உண்டு. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின்படி, 1891 முதல் இறக்குமதிப் பொருள்களில் தயாரித்த நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றாயிற்று. ‘நிப்பான்’ என்ற சொல் 1921 வரை ஏற்கப்பட்டது, பிறகு ‘ஜப்பான்’ என்றே பொறிக்க வேண்டியதாயிற்று. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்ற ஆங்கிலப் பொறிப்பு போருக்குப் பின் தொடங்கி 1952-உடன் முடிந்துபோன நேசநாட்டு ஆக்கிரமிப்புக் காலத்தைச் சேர்ந்தது. நன்கொடைப் பாத்திரங்களில் ஆட்சி ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தால் கணக்கு எளிது: மெய்ஜி ஆண்டுடன் 1867-ஐயும், தைஷோ ஆண்டுடன் 1911-ஐயும், அதையடுத்த ஷோவா ஆண்டுடன் 1925-ஐயும் கூட்டவும். மெய்ஜி 30 என்றால் 1897.

ஜப்பானுக்குள் இருந்த வெண்கலம் பெருமளவில் அழிந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 1941-இல் போர்த் தேவைக்காக உலோகங்களைத் திரட்டும் ஆணை வந்தபோது, கோயில் மணிகள் முதல் வீட்டுப் பாத்திரங்கள் வரை உருக்கும் உலைக்குப் போயின. அந்த இழப்பை எண்ணும்போது, ஏற்கெனவே கடல் கடந்து போயிருந்ததால் தப்பிய ஒவ்வொரு பாத்திரத்தையும் பொறுப்புடன் பேணுவது நம் கடமை என்று தோன்றுகிறது.

கரும்பழுப்பு நிறம் தானாக வந்ததா, பூசப்பட்டதா?

இரண்டும் கலந்தது. ஜப்பானியப் பட்டறைகளில் நிறமேற்றுதல் தனித்ததொரு கலை. சூடேற்றிய உலோகத்தில் அரக்கு மரப் பாலைச் சுட வைப்பதும், இரும்பையும் தேயிலையையும் புளிக்காடியில் ஊறவைத்த நீரை வைக்கோல் தூரிகையால் திரும்பத் திரும்பத் தடவுவதும் அவற்றில் அடங்கும். சாடோ தீவின் ஹொன்மா தகுசாய் குடும்பத்தினர் செம்மையும் கருமையும் திட்டுத்திட்டாகக் கலந்த நிறப்படலத்திற்குப் பெயர் பெற்றவர்கள். ஆகவே நிறப்படலம் செயற்கையானது என்பதால் பொருள் போலி ஆகிவிடாது. கவனிக்க வேண்டியது தேய்மானம்: கை படும் பிடிகளிலும் தரை படும் கால்களிலும் நிறம் மெலிந்து, பள்ளங்களில் தடித்து இருப்பது இயல்பு. எல்லா இடத்திலும் ஒரே சீராக, பள்ளத்திலும் மேட்டிலும் வேறுபாடின்றி இருந்தால், அண்மையில் பூசிய சாயமாக இருக்கக்கூடும்.

புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

கூடாது. நம் வீடுகளில் குத்துவிளக்கையும் குடத்தையும் புளி, எலுமிச்சை, பாலிஷ் போட்டுத் தேய்ப்பது பழக்கம். இந்தப் பாத்திரத்தில் அதைச் செய்தால், கைவினைஞர் ஏற்றிய நிறம் சில நிமிடங்களில் போய்விடும், திரும்ப வராது. சந்தை மதிப்பும் அதோடு போய்விடும். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசி தட்டுவதும், பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பதும் போதும்.

ஒரே ஒரு நிலையில் உடனே கவனிக்க வேண்டும். உறுதியாக ஒட்டியிருக்கும் கரும்பச்சைக் களிம்பு பாத்திரத்திற்குத் தீங்கு செய்யாது. ஆனால் வெளிர் பச்சையில் மாவுபோல் உதிர்ந்து, துடைத்த சில நாட்களில் மீண்டும் பூக்கும் புள்ளிகள் இருந்தால், அது வெண்கல நோய்: உலோகத்துக்குள் சேர்ந்த குளோரைடு உப்பு, காற்றின் ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து உலோகத்தைத் தொடர்ந்து அரிக்கிறது. அத்தகைய பாத்திரத்தை மற்ற உலோகப் பொருள்களிலிருந்து பிரித்து உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, உலோகப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் காட்டுங்கள்.

அதில் செடி வைக்கலாமா?

நேரடியாக மண்ணை நிரப்பி வைக்க வேண்டாம். ஈர மண்ணும் உர உப்பும் உலோகத்தை அரிக்கும். கரைந்து வரும் செம்பு வேருக்கும் நல்லதன்று. வடிகால் வேண்டும் என்பதற்காகத் துளை போடவே கூடாது. செடியைப் பிளாஸ்டிக் தொட்டியில் வளர்த்து, அதன் அடியில் நீர் தேங்கும் தட்டை வைத்து, உள்ளே இறக்கி வைக்கலாம். நீர் ஊற்றும்போது வெளியே எடுத்துவிடுவது நல்லது. ஏற்றுமதிக்காகச் செய்த பூந்தொட்டிகளும் இவ்வாறு பயன்படுத்தத்தான் செய்யப்பட்டன.

அடியில் ஏற்கெனவே துளை இருந்தால்?

துளையின் ஓரத்தைப் பாருங்கள். வார்ப்பிலேயே விடப்பட்ட துளையின் ஓரம் மழுங்கி, மற்ற இடங்களைப் போலவே நிறம் படிந்திருக்கும். பின்னாளில் துளைத்தது என்றால் ஓரம் கூராகவும் உலோகம் வெளிறியும் தெரியும். மேற்கு நாடுகளில் ஜப்பானியச் சாடிகளை மின்விளக்குத் தண்டுகளாக மாற்றும் வழக்கம் இருந்ததால், நடுவில் சிறிய துளையுடன் பல கிடைக்கின்றன. ஈயம் வைத்து அடைத்த பழைய பழுதும், நிறம் பூசி மறைத்த விரிசலும் மதிப்பைக் குறைக்கும். ஆனால் அடையாளம் காண்பதற்கு அவை தடையல்ல.

நிபுணரிடம் காட்டுவதற்கு என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

முழுப் பாத்திரத்தின் நான்கு பக்கங்கள், வாயிலிருந்து உட்புறம், அடிப்பாகம், பக்கவாட்டு வெளிச்சத்தில் முத்திரை, ஒரு சாணளவு அலங்காரத்தின் அண்மைத் தோற்றம் ஆகியவற்றைப் படம் எடுங்கள். முத்திரையின் மேல் சுண்ணாம்போ மாவோ தடவ வேண்டாம். டார்ச்சைத் தாழ்வாகச் சாய்த்துப் பிடித்தாலே எழுத்து எடுப்பாகத் தெரியும். உயரம், விட்டம், எடை மூன்றையும் குறித்து வையுங்கள். மரப்பெட்டியோடு கிடைத்திருந்தால் மூடியின் உட்புறத்தையும் படம் எடுக்கவும். கைவினைஞர் தம் பெயரையும் பாத்திரத்தின் பெயரையும் மையால் எழுதிக் கொடுப்பது அங்கேதான்.

ஒப்பிட்டுப் பார்க்க, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், தோக்கியோ தேசிய அருங்காட்சியகம் ஆகியவற்றின் இணையத் தொகுப்புகளும், மெய்ஜி கலைக்கென்றே பெயர் பெற்ற கலீலி தொகுப்பும் உதவும். மெய்ஜி கைவினைகளையே முதன்மையாகக் காட்டும் கியோத்தோவின் கியோமிசு சன்னென்சகா அருங்காட்சியகத்தை நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைப்பவர்கள் தவறவிட வேண்டாம். உளி வேலையின் கூர்மை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதைப் படங்களில் முழுமையாக உணர முடியாது. ஏல நிறுவனங்கள் பல, படங்களை அனுப்பினால் கட்டணமின்றி முதல்நிலைக் கருத்துச் சொல்வதுண்டு. காப்பீட்டுக்கான எழுத்து மதிப்பீட்டுக்குத் தனிக் கட்டணம் இருக்கும். அந்த மதிப்பீட்டைத் தருபவரே பாத்திரத்தை வாங்கவும் முன்வந்தால், இன்னொருவரிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.